வெறும் வளவு

14.09.2023, வியாழன்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் தோட்டத்தை "வெறும் வளவு" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மூத்த மருமகன் ஸஜாத். கேட்டவர்கள், இளைய மகள் பஸ்லியாவைப் பெண் பேசி அட்டாளைச்சேனையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். சொன்னதோடும் விடவில்லை. கடதாசியில் எழுதியும் கொடுத்தார்கள்: பின்பக்கம் ஏழு பேர்ச் வெறும் வளவு, அதில் பெண்ணுக்கு வீடு கட்டித் தரப்படும்.

அந்த நேரம் நான் கொச்சிக்காய்ப் பாத்தியில்தான் குந்தியிருந்தேன். கையில் களைக்கொத்து. மாப்பிள்ளையின் வாப்பா எனக்கு ஸலாம் சொன்னார், பதில் சொன்னேன். பிறகு என் தலைக்கு மேலால் மதிலைப் பார்த்து, "நல்ல இடந்தான்" என்றார். என்னையும் சேர்த்துத்தான் வெறும் என்று எழுதினார்களா?

எண்பத்தாறு செடி நிற்கிற இடம் அது. கத்தரி, கொச்சிக்காய், வெண்டி, நாலு வாழை, பின்மூலையில் ஒரு மா. முப்பத்தொரு வருடம் நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்தவன் நான். கண்மட்டத்தில் நடுகிறவன் இல்லை. கத்தரி வரிசைக்கு வரிசை மூன்றடி, செடிக்குச் செடி இரண்டடி. கொச்சிக்காய் இரண்டடிக்கு ஒன்றரை. வாழைக்குப் பத்தடி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. விவசாயப் பகுதியார் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டி வாசித்து, நட்டுப் பார்த்து, பிழையான இடங்களில் பென்சிலால் திருத்தியும் வைத்திருக்கிறேன்.

இடைவெளி விட்டு நட்டால் அது வெறும் வளவா?

15.09, வெள்ளி

ஜும்மாவில் ஸஜாத் எனக்குப் பக்கத்தில் நின்றார். தோளோடு தோள் முட்டத் தொழுதோம். தொழுகையில் இடைவெளி விடக் கூடாது. தோட்டத்தில் விட வேண்டும். இந்த வித்தியாசம் விளங்காதவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

17.09, ஞாயிறு

மூத்தவள் சிபானா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மாப்பிள்ளை பக்கம் நல்ல ஆட்கள், பையன் அப்ராஸ் கச்சேரியில் அரசாங்க வேலை, தங்கச்சிக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குத் தெரியாததை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "வாப்பா, செடிக்கு நடுவுல எவ்வளவு இடம் சும்மா கிடக்கு பாருங்க" என்றாள்.

சும்மா கிடக்கவில்லை மகள். மேலே தெரிகிற செடியை விடக் கீழே வேர் அகலம். கத்தரி ஒன்றைக் கிண்டிக் காட்டினேன். ஒன்றரை அடிக்கு அப்பாலும் நூல் நூலாக ஓடியிருந்தது. அவள் பார்த்தாள். "ஓம் வாப்பா" என்றாள். போய்விட்டாள்.

வளவு என்னுடையதில்லை என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார். நானும் நாற்பத்து நாலு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு சம்மாந்துறையிலிருந்து என் மனைவி சரீபாவின் வளவுக்கு வந்தவன்தான். ஊரெல்லாம் அளந்தேன், என் பெயரில் ஓரடி இல்லை. முன்வீடு சிபானாவின் கலியாணத்தோடு அவளுக்குப் போனது. அதன் முதுகில் ஓர் அறையை இறக்கி அதில் இருக்கிறேன். பின் வளவு பஸ்லியாவுக்கு என்று சரீபா உயிரோடு இருக்கும்போதே பேச்சு. நான் மறுத்ததில்லை. ஆனால் ஒருவரும் என்னிடம் வந்து, எங்கே தொடங்கலாம், எதை எடுக்கலாம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா?

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். என் கணக்கில் ஒரே ஒரு மரம்தான் பிழையான இடத்தில் நின்றது. அறை வாசலுக்கு மூன்றடியில் ஒரு முருங்கை. ஆறு வருடத்துக்கு முன் சரீபா இறந்து அவளை இந்த அறையிலிருந்து எடுத்தபோது சந்தூக் பெட்டி வாசலில் திரும்பவில்லை. தூக்கியவர்கள் சரித்துப் பார்த்தார்கள். ஜனாஸாவைச் சரிக்கலாமா? ஸஜாத் கோடரி எடுத்து முருங்கையை வெட்டினார். அவர் வெட்டி முடியும்வரை சரீபா வாசலில் காத்துக் கிடந்தாள். அன்றுதான் அளந்தேன். திரும்புவதற்கு ஏழடி வேண்டும்.

23.09, சனி

காலையில் மேசன் றிபாத் வந்து கயிறு கட்டி முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து வந்தானா, வரச் சொன்னார்களா? எட்டு முளை. இரண்டு கத்தரிப் பாத்தியில், வேருக்கு மேலேயே. ஒன்று மாவின் அடியில். அப்படியென்றால் மாவும் போகிறது. ஒன்று என் அறை வாசலிலிருந்து மூன்றடியில்.

மூன்றடி.

எட்டையும் பிடுங்கினேன். குழிகளில் வெண்டி விதை போட்டு மூடினேன்.

முப்பத்தொரு வருடத்தில் ஒருவர் அடித்த முளையை நான் பிடுங்கியதில்லை. வட்டமடு, தீகவாபி, சாகாமம், எங்கெங்கோ வெயிலில் நின்றிருக்கிறேன். காணிக்காரர்கள் கத்தியோடு வந்து பிடுங்கச் சொன்னபோதும் பிடுங்கியதில்லை. இன்று பிடுங்கினேன். கோபத்தில்தான்.

24.09, ஞாயிறு

ஸஜாத் சம்மாந்துறையில் அரிசி ஆலையில் மெசின் பார்க்கிறவர். சத்தமாகப் பேசிப் பழகினவர். இன்று மெதுவாகப் பேசினார். அதுதான் எரிச்சல்.

"மாமா, முளையப் புடுங்கின நீங்கதானெண்டு சொன்னா றிபாத் நம்புறானில்ல. சங்கிலிக்காரர் முளை புடுங்க மாட்டார், இது ஆடு மாடுட வேலையெண்டு என்னோட சண்ட புடிக்கிறான்."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். ஆடு மாடு என்றே இருக்கட்டும்.

01.10, ஞாயிறு

ஒரு முடிவு எடுத்தேன். இடைவெளி இருப்பதால்தானே வெறும் வளவு? இனி இடைவெளி இருக்காது. ஒருவர் காலெடுத்து வைக்க இடமில்லாமல் நடுவேன். பிறகு எந்தக் கண்ணால் பார்த்து வெறும் என்று எழுதுவார்கள், பார்ப்போம்.

04.10, புதன்

பாண்டிருப்புக்குப் போய் வேலப்போடியிடம் இருநூற்று நாற்பது கன்று கேட்டேன். நாற்றுமேடை வைத்திருக்கிறவர், பத்தொன்பது வருடப் பழக்கம், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். போடியார் எப்போதும் நான் கேட்கிறதைக் கட்டித் தருவார். இன்று கட்டவில்லை. எத்தனை பேர்ச்சுக்கு என்று கேட்டார். சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"காக்கா, கலியாண வீட்டுப் பந்தியில ஆக்கள நெருக்கி இருத்துற கணக்கா நடப் போறீங்களோ? பந்தியில இருக்கிறவன் திண்டுட்டு எழும்பிப் போயிடுவான். நடுற கண்டு எழும்பிப் போகாது."

உங்கட வேலையப் பாருங்க போடியார் என்றேன். கட்டித் தந்தார். சைக்கிள் கரியலில் இரண்டு தடவை ஏற்றி வந்தேன். இரண்டாம் தடவை போடியார் தேத்தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

05.10, வியாழன்

நட்டு முடிந்தது. கத்தரிக்கு நடுவில் கத்தரி. வரிசைக்கு நடுவில் கொச்சிக்காய். வாழையின் காலடியில் தக்காளி. எங்கும் ஓரடிக்கு மேல் இல்லை, சில இடத்தில் ஒரு சாண். நாடா எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நட்டிருக்க மாட்டேன்.

09.10, திங்கள்

எல்லாம் வேர் பிடித்துவிட்டது.

21.10, சனி

இரண்டு நாளாக நல்ல மழை. வளவு முழுக்கப் பச்சை, மண் தெரியவில்லை. முன்வீட்டுக் குசினி யன்னலால் ஸஜாத் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வென்றது யார்?

பஸ்லியா பள்ளிக்கூடத்தால் வந்தால் நேரே முன்வீட்டில் தன் அறைக்குப் போகிறாள். நிந்தவூரில் படிப்பிக்கிறாள். முன்பெல்லாம் வந்ததும் பின்னுக்கு வந்து, பிள்ளைகள் செய்த குழப்படியைச் சொல்லிச் சிரிப்பாள். மூன்று கிழமையாக வரவில்லை. வந்தாலும் நிற்க இடம் இல்லை.

03.11, வெள்ளி

இன்று வந்தாள். அபாயா கூட மாற்றவில்லை, கைப்பை தோளில். பாத்தி ஓரத்தில் ஒரு கால் வைக்கிற இடத்தில் நின்றாள்.

ராத்தாவின் மாப்பிள்ளை ஸஜாத்தோடு கோபிக்க வேண்டாம் என்றாள். வெறும் வளவு என்று சொல்லச் சொன்னது தான்தான் என்றாள்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று திரும்பக் கேட்டேன். ஏன் புள்ள என்றேன்.

"தோட்டமெண்டு சொன்னா, அது வாப்பாட, அவர் தர மாட்டாரெண்டு நினைக்கிறாங்க. இதுக்கு முதல் ரெண்டு இடம் அதாலதான் எழும்பிப் போனது. உங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லாதீங்க வாப்பா."

தெரியாது. இல்லை, தெரியும். மாளிகைக்காட்டுப் பையன் வீட்டார் வந்தபோது, வீடு எப்ப தொடங்குவீங்க என்று கேட்டார்கள். இந்தப் போகம் முடியட்டும் என்றேன். நாலு வருடத்துக்கு முன். பிறகு இன்னோர் இடம். அதற்கும் அதையேதான் சொன்னேன். கத்தரிக்கு எந்தப் போகம் முடிகிறது? ஒன்று முடிய அடுத்ததை நடுகிறவன் நான்தானே.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசுகிற விஷயம், நீ போ என்றேன். போகத் திரும்பினவள் நின்றாள்.

"கத்தரிக்கு ரெண்டடி விடுவீங்க. வாழைக்குப் பத்தடி விடுவீங்க. எனக்கு எத்தின அடி வாப்பா?"

அழவில்லை. அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அவ்வளவு நெருக்கத்திலும் ஒரு கன்றைக்கூட மிதிக்கவில்லை.

04.11, சனி

கத்தரிக்கு இரண்டு. கொச்சிக்காய்க்கு ஒன்றரை. வாழைக்குப் பத்து. மாவுக்கு முப்பது.

அவள் கேட்டதற்குத் துண்டுப் பிரசுரம் இல்லை.

13.11, திங்கள்

மழை விடவில்லை. கிழக்குப் பாத்தியில் ஆறு கொச்சிக்காய் ஒரே நாளில் தலை தொங்கிவிட்டன. தண்ணீருக்கு வாடுகிற வாட்டம் இல்லை. இலையை ஒதுக்கிப் பார்த்தேன். மண்ணோடு ஒட்டின தண்டில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சணம், அதில் கடுகு கடுகாக உருண்டை. இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வருகிறது.

காற்றுப் போக இடமில்லை. வெயில் மண்ணில் விழ இடமில்லை. ஒன்றின் ஈரம் மற்றதில் படுகிறது. இதைப் பற்றி ஊரில் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

17.11, வெள்ளி

எழுபதுக்கு மேல் போய்விட்டது. புதிதாக நட்டவை மட்டும் என்றால் பரவாயில்லை. பழைய கத்தரி, மூன்றடிக்கு இரண்டடி அளந்து நட்ட என் கத்தரி, அவையும் விழுகின்றன. வெட்டிப் பார்த்தால் உள்ளே கபில நிறம்.

ஜும்மாவுக்குப் போகும் வழியில் வேலப்போடியைக் கண்டேன். சைக்கிளை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மிதித்துப் போய்விட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதை ஸஜாத் செய்யவில்லை. றிபாத் செய்யவில்லை. பஸ்லியா செய்யவில்லை. எழுதி வைக்கிறேன்.

19.11, ஞாயிறு

சிபானா சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளையின் சாச்சா போன் எடுத்திருக்கிறார். வருடம் முடிவதற்குள் அத்திவாரம் வெட்டாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்களாம். கட்டி முடித்த வீட்டோடு ஒரு பெண் கைவசம் இருக்கிறதாம். அப்ராஸ் காத்திருக்கச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் ஒருவன் சொல்லி என்ன.

பஸ்லியாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். போனுக்குப் பதில் சொன்னதே அவள்தான் என்றாள். என்ன பதில்? "வாப்பாட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாளாம்.

போன் வந்து நாலு நாளாகிறது. என்னிடம் வந்து கேட்கவில்லை.

20.11, திங்கள்

கேட்க மாட்டாள். என்னைப் போல.

22.11, புதன்

இன்று பள்ளிக்கூட விடுமுறை இல்லை, ஆனால் மழையால் நேரத்தோடு விட்டுவிட்டார்கள். அவள் வரும்போது நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து பிடுங்குகிறேன். செத்தது, சாகப் போகிறது, பிறகு உயிரோடு நிற்பதிலும் ஒன்று விட்டு ஒன்று. மண் தெரியத் தெரிய றிபாத் அடித்த முளைக் குழிகள் தெரிந்தன. நான் போட்ட வெண்டி ஒன்றுமே முளைக்கவில்லை. குழி குழியாகவே இருந்தது, தண்ணீர் நிரம்பி.

அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்தேன். நான் வேலையால் விலகின அன்று அளவையாளர் ஐயா தந்த இரும்பு நாடா. ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். தனியாக நின்று ஒருவராலும் நிலம் அளக்க முடியாது. ஸஜாத் ஆலைக்குப் போயிருந்தார்.

பஸ்லியா பின்கதவில் நின்றாள். முன் ஆளாக நிற்கிறாயா, பின் ஆளாக நிற்கிறாயா என்று கேட்டேன்.

"எது லேசு வாப்பா?"

"பின் ஆள். அசையாம நிண்டாப் போதும்."

"அப்ப அது நீங்க. அசையாம நிக்கிறதுல உங்கள வெல்ல ஊருல ஆளில்ல."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஆனால் கைப்பையைக் கதவில் மாட்டிவிட்டு வந்து நாடாச் சுருளை வாங்கினாள். சேற்றில் செருப்போடு நடந்தாள். நான் வாசற்படியில் நாடாவின் நுனியை அழுத்திப் பிடித்து நின்றேன். எத்தனை அடியில் நிற்க என்று கேட்டாள். மேசன் மூன்றில் நின்றான் என்றேன். அவள் மூன்றில் நிற்கவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று நடந்தாள். ஏழில் நின்று என்னைப் பார்த்தாள்.

உம்மாவை எடுத்த அன்று அவளும் வாசலில்தான் நின்றவள். அவளுக்கும் மறக்கவில்லை.

"இதுல அடிக்கவா?"

அடி என்றேன்.

மஃரிப் பாங்கு சொல்ல முன் எட்டு முளையும் அடித்து முடித்தோம். வளவு ஐம்பதடி நீளம், முப்பத்தெட்டு அகலம். வீட்டுக்கு இருபத்து நாலுக்கு இருபத்தெட்டு. இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு. ஒரு விரல்கூடப் பிசகில்லை.

24.11, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு ஸஜாத்தை நானே கூப்பிட்டேன். இரண்டு மாதமும் பத்து நாளும் கழித்து. வந்து நின்றார். "சொல்லுங்க மாமா" என்றார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். சிலதுக்குத் தலையாட்டவில்லை. ஆட்டாவிட்டாலும் நடக்க வேண்டியவை இவை. மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.

ஸஜாத்: மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்த கடதாசியைத் திருப்பி வாங்க வேண்டும். "வெறும் வளவு" என்பதை வெட்டிவிட்டுத் "தோட்டம்" என்று எழுத வேண்டும். கீழே நான் ஒப்பம் வைப்பேன். தோட்டத்தைத்தான் தருகிறேன், வெறும் வளவை இல்லை. எழுதாவிட்டால் ஒப்பமும் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திருத்த வேண்டியது அவர், எழுதின கை அவருடையது. கடதாசி இந்தக் கிழமைக்குள் அட்டாளைச்சேனைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

றிபாத்: திங்கள் வந்து அத்திவாரம் வெட்டலாம். நாங்கள் அடித்த முளையில் ஒன்றையும் அசைக்கக் கூடாது. மா நிற்கும். சுவருக்கும் மாவுக்கும் பதினாலடி இருக்கிறது. முப்பது வேண்டும், இல்லை. கிளையை நான் ஒதுக்கித் தருவேன். மாவில் கயிறு கட்டக் கூடாது, சீமெந்துத் தண்ணீரை அதன் அடியில் ஊற்றக் கூடாது. முளை பிடுங்கியது ஆடு மாடு இல்லை என்று அவனிடம் நானே சொல்லிவிடுவேன்.

சிபானா: நான் பிடுங்கிக் குவித்த செடிகளைக் குப்பைக் குழியில் போட விடக் கூடாது. நோய் மண்ணில் இறங்கும். வெயில் கண்டதும் காயவைத்து எரிக்க வேண்டும்.

வேலப்போடி: இனி நான் வந்து கேட்டாலும் பதினெட்டுக் கன்றுக்கு மேல் தரக் கூடாது. மிஞ்சுவது மாவைச் சுற்றின ஒரு துண்டு. அதற்குப் பதினெட்டுத்தான். இதைச் சொல்ல நாளைக்கே பாண்டிருப்புக்குப் போக வேண்டும். ஏசுவார். கேட்க வேண்டும்.

பஸ்லியா: சாச்சாவுக்குப் போன் எடுத்து, வாப்பாவிடம் கேட்டாயிற்று என்று சொல்ல வேண்டும். யன்னல் எந்தப் பக்கம் என்று அவளே றிபாத்திடம் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்கக் கூடாது.

நான்: நாலு வாழையில் மூன்றை ஞாயிறுக்குள் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு ஆள் பிடிக்கக் கூடாது. மிச்சக் கத்தரியை மாவின் பக்கம் மாற்ற வேண்டும், மூன்றடிக்கு இரண்டடி, நாடா பிடித்து.

கடைசியாக, என் அறை வாசலுக்கும் அவளுடைய சுவருக்கும் நடுவில் உள்ள ஏழடி. அதில் கல் குவிக்கக் கூடாது, தண்ணீர்த் தாங்கி வைக்கக் கூடாது, பூச்சாடிகூடக் கூடாது. ஒன்றும் நடக் கூடாது. அது வெறும் வளவாகவே கிடக்க வேண்டும்.

பார்த்துக்கொள்ள வேண்டியவர், எனக்குத் தேவைப்படுகிற அன்றுவரை, நான்.